பழக்கிய இரும்பு

சேத்தியாத்தோப்பில் கார் ஓட்டுகிறவருக்கு ஆக்சிலேட்டரைவிட பிரேக்கோடுதான் உறவு அதிகம். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் வெட்டிக்கொள்கிற ஊர் இது. அரவைக் காலத்தில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள், பின்விளக்கு என்று ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டு ஊர்ந்துகொண்டிருக்கும். அறுவடை முடிந்தால் சாலையில் பாதி நெற்களம். மிச்சப் பாதியை ஆடுகள் எடுத்துக்கொள்ளும். எண்பதில் போகலாம், எந்த நொடியிலும் பூஜ்யத்துக்கு வரவும் தயாராக இருக்க வேண்டும்.

அப்படி ஒருநாள் விருத்தாசலம் சாலையில் பிரேக்கை மிதித்தபோது ஸ்டீயரிங் கையில் துடித்தது. மெதுவாகப் போகையில் ஒன்றும் தெரியவில்லை. எழுபதைத் தாண்டி மிதித்தால் மட்டும் குளிர்காய்ச்சல் வந்தவன் கைபோல் நடுக்கம். மெக்கானிக் தம்பி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டிஸ்க் கோணிடுச்சி சார். ரெண்டு பக்கமும் மாத்திடுங்க.”

அவர் சொன்ன மருந்து சரி. நோயின் பெயரில்தான் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் துரத்திக்கொண்டு போய்த்தான், முன்சக்கர டிஸ்க் இரண்டையும் வீட்டு வாசலில் நானே மாற்றுவது என்ற முடிவுக்கு வந்தேன். இதில் கஞ்சத்தனம் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சக்கரத்தைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது டிஸ்க். நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு மேடு. அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம். அந்த வளையத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பேடுகள். பேடுகளை அழுத்தும் கிடுக்கி, காலிப்பர். இந்த டிஸ்க்குக்கு நம் அடுக்களையில் ஓர் உடன்பிறப்பு உண்டு: பாட்டி காலத்துக் கனத்த தோசைக்கல். இரண்டும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே இரவு ஈரத்தில் செம்பழுப்பாகத் துருப்பிடிக்கும். இரண்டையும் சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கெடுக்கலாம். இரண்டின் வேலையும்கூட ஒன்றுதான்: சூட்டை வாங்குவது, சற்று நேரம் வைத்திருப்பது, மெல்ல விடுவது.

பிரேக்குக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சிதம்பரம் தேரோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகி நிறுத்துவார்கள். தமிழனுக்குத் தெரிந்த முதல் பிரேக் அதுதான். எந்தக் காரியத்துக்குக் குறுக்கே நிற்பவரையும் இன்றுவரை அந்தப் பெயரால்தான் திட்டுகிறோம். திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. சுமார் 300 டன் எடை என்று சொல்லப்படும் அந்தத் தேர், நொடிக்கு ஒரு மீட்டர் வீதம், அதாவது நாம் நடக்கிற வேகத்தில், நகர்வதாக வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஒன்றரை லட்சம் ஜூல். இப்போது ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ மூன்று லட்சம் ஜூல். இரண்டு ஆழித்தேர்! எடை ஒருமடங்காகத்தான் கணக்கில் சேரும். வேகம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு சேரும் என்பதால் வருகிற வினை இது. ஆயிரம் பேர் வடம் பிடித்து ஏற்படுத்துகிற நகர்வைப்போல் இரண்டு பங்கை, நாம் ஒற்றைக் கால் கட்டைவிரலால் அடக்குகிறோம்.

அடக்கிய ஆற்றல் எங்கே போகும்? அழியாது. முழுவதும் சூடாக மாறும். மூன்று லட்சம் ஜூல் என்பது 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு முறை எண்பதிலிருந்து நிற்கும்போதும் பத்துப் பேருக்கு டீ போடுகிற வெந்நீர் சக்கரத்துக்குள் தயாராகிறது. அதுவும் நான்கே நொடியில். அடுப்பில் இதற்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். நான்கு நொடியில் நிறுத்தும் பிரேக்கின் சராசரித் திறன் கிட்டத்தட்ட 100 குதிரைத்திறன். அந்தக் காரின் எஞ்சினுக்கே அவ்வளவு இருக்காது. விளம்பரங்களில் எஞ்சினைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் பிரேக்கைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு விளங்கியதே இல்லை.

மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், அந்தச் சூட்டில் எழுபது விழுக்காட்டை முன்சக்கர டிஸ்க்குகள் வாங்குகின்றன. ஐந்து கிலோ எடையுள்ள ஒரு டிஸ்க் ஒரே மிதியில் சுமார் 45 டிகிரி ஏறும். அடுத்த ஒரு கிலோமீட்டரில் காற்று பட்டு ஆறத் தொடங்கிவிடும். முன் டிஸ்க் பெரும்பாலும் ஒற்றைத் தகடாக இருக்காது. இரண்டு தகடுகளுக்கு நடுவே தடுப்புகள், தடுப்புகளுக்கு இடையே காற்று போகும் வழி. சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி ஓரத்தில் துப்பும்.

சமவெளியில் இது போதும். மலையில்தான் சோதனை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஆயிரம் மீட்டர் இறங்குவதாகக் கணக்குப் போடுங்கள். அதே கார் இழக்கும் நிலை ஆற்றல் 1 கோடியே 18 லட்சம் ஜூல். நாற்பது லிட்டர் வெந்நீர். எஞ்சினைக் கீழ் கியரில் போட்டு அதன் இழுப்பில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். கியரை மறந்துவிட்டு மிதித்துக்கொண்டே இறங்கினால் மொத்தமும் டிஸ்க்கின் தலையில். 300 டிகிரிக்கு மேல் பேடில் உள்ள பிசின் சிதைந்து வாயு வெளியேறும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அந்த வாயு மெத்தைபோல் நின்றுகொள்ள, மிதி கல்லாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொரு விதமும் உண்டு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற ரகத்துப் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குமிழி வரும்; குமிழியை அமுக்கலாம் என்பதால் மிதி அடிவரை இறங்கிவிடும். வெள்ளாறும் வீராணம் ஏரியும் பக்கத்தில் இருக்கிற, ஐப்பசி கார்த்திகையில் சுவர்கூட வியர்க்கிற ஊரில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வதை வியாபார தந்திரம் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு சூட்டைத் தாங்கும் பொருள் ஏதோ அபூர்வ உலோகமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் டிஸ்க் செய்யும் சாம்பல்நிற வார்ப்பிரும்பு, உலோகங்களிலேயே மலிவானவற்றில் ஒன்று. இரும்பில் மூன்று மூன்றரை விழுக்காடு கரி. அந்தக் கரி குளிரும்போது பிரிந்து, பென்சில் முனையில் இருக்கிற அதே கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். அதன் முறிந்த முகம் சாம்பலாகத் தெரிவது அதனால்தான். இந்தச் செதில்கள் சூட்டை வேகமாகக் கடத்தும். எவர்சில்வரைவிட மூன்று மடங்கு. எவர்சில்வர் தட்டில் தோசை வார்த்தால் நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் போவதன் காரணம் இங்கே இருக்கிறது. செதில்களுக்கு இன்னொரு குணமும் உண்டு: அதிர்வை விழுங்கும். எஃகுத் துண்டைத் தட்டினால் கணீர் என்னும். டிஸ்க்கைத் தட்டினால் அவ்வளவு நேரம் நீடிக்காமல் அடங்கும். பிரேக் கீச்சிடாமல் இருப்பதில் அதற்கும் பங்கு. ஆலையில் கரும்பைப் பிழிகிற உருளைகளின் மேலோடும் வார்ப்பிரும்புதான், கரும்பைப் பிடித்து இழுப்பதற்காக வேண்டுமென்றே சொரசொரப்பான மணியோடு வார்க்கப்படுவது. எங்கள் ஊரைச் சுற்றி வேலை செய்கிற இரும்பில் பெரும்பங்கு இந்த ஏழைச் சாதி இரும்பு.

டிஸ்க் பிரேக் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1902ல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். செம்பை வைத்து உரசினார். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் அளவு கீச்சிட்டது. 1953ல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சென்னைப் பாடியில் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது 1962ல். இன்று நாட்டின் பல கார்கள் நிற்பது பாடி, அம்பத்தூர், சோளிங்கர் பக்கத்து வேலையால்.

டிஸ்க்கோடு பேடும் புதிதாகப் போட வேண்டும். நான் வாங்கிய பேட் பெட்டியில் ‘செராமிக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆளுக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் விருத்தாசலம்தான் ஞாபகம் வரும். அரைமணி நேரத் தொலைவில், ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூளையில் சுட்டெடுத்த அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஊர். ஆனால் பெட்டிக்குள் இருப்பது பீங்கான் இல்லை. பீங்கான் சூட்டைத் தாங்கும், கடத்தாது; அடித்தால் உடையும். பேடில் செராமிக் இழைகள் ஒரு பங்கு. மற்றது கிராஃபைட், உலோகத் துகள், ஆந்திரத்து மங்கம்பேட்டையில் மலைபோல் கிடைக்கிற பேரைட் தாதுவைப் போன்ற நிரப்பிகள், இவற்றையெல்லாம் கட்டிப்பிடிக்க பினாலிக் பிசின். இருபதுக்கு மேற்பட்ட சேர்மானங்கள்கூட இருக்கலாம். மசாலாக்காரர் கைப்பக்குவம்போல் ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவை வெளியே சொல்லாது.

அந்தச் சேர்மானத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். முந்திரி. பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் காடாக நிற்கிற அதே முந்திரி. கொட்டையின் தோட்டுக்குள் இருக்கும் கரிய எண்ணெய் கையில் பட்டால் தோலை அரித்துக் கொப்புளமாக்கும். கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்கள் கருத்துக் கிடப்பது அதனால். அந்த எண்ணெயை வினைபுரிய வைத்து இறுக்கிப் பொடியாக்கினால், சூட்டில் உருகி ஓடாத, கொஞ்சம் மீள்தன்மையுள்ள, உராய்வைச் சீராக வைக்கிற தூள் கிடைக்கிறது. உலகம் முழுக்க பிரேக் பேடுகளில் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கப்படுவது இது. விரலைச் சுடுகிற குணமும் பிரேக்கில் உதவுகிற குணமும் அந்த ஒரே மூலக்கூறு வடிவத்தின் இரண்டு முகங்கள்: ஒரு முனையில் பினால், மறுமுனையில் நீண்ட கொழுப்பு வால். வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பெயருள்ள முந்திரி ரகங்கள் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. ஆக, ‘செராமிக்’ என்ற சொல்லைப் பார்த்து நான் விருத்தாசலத்தை நினைத்தது வீண்போகவில்லை, தொழில்தான் மாறிப்போயிற்று.

பேடுக்குப் பழைய கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மலைப்பகுதியில் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு உராய்வுப் பட்டை செய்யும் யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பின்னால் அவர் கல்நார் சேர்த்தார். லான்செஸ்டரின் கீச்சுச் சத்தத்தை அடக்கியதும் அதுதான். நுரையீரலுக்கு நஞ்சு என்று தெரிந்து பிறகு பல நாடுகள் கைவிட்டதும் அதுதான். பிரேக் தூசியை வாயால் ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்ற பழக்கம் அந்தக் காலத்திலிருந்து வருவது. பேடில் இப்போது என்ன இருந்தாலும் பழக்கம் நல்லதே.

வேலைக்கு வருவோம். எங்கள் வாசல் களிமண் தரை. ஜாக்கியை அப்படியே வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும். அடியில் பலகை போட்டேன். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டுத் தூக்கினேன். தூக்கியதும் ஸ்டாண்டில் உட்கார வைத்தாயிற்று. ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைவிட்டவர்களைப் பற்றிய செய்திகள் எல்லா வருடமும் நாளிதழில் வருகின்றன.

காலிப்பரை இரண்டு போல்ட்டில் கழற்றலாம். கழற்றியதும் அது ரப்பர் ஓஸில் தொங்கப் பார்க்கும், விடக்கூடாது. கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். அந்த ஓஸ் வழியாகத்தான் காலின் அழுத்தம் போகிறது. 15 கிலோ அழுத்தத்தில் மிதித்தால், மிதியின் நெம்புகோல் கொஞ்சம் பெருக்கி, வெற்றிட பூஸ்டர் கொஞ்சம் பெருக்கி, சின்ன சிலிண்டரிலிருந்து பெரிய பிஸ்டனுக்குப் போகிற பாஸ்கல் விதி மீதியைப் பெருக்கி, பேடை வந்து அழுத்தும்போது ஒரு டன்னைத் தாண்டிவிடும். அதைச் சுமக்கிற குழாய், உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

டிஸ்க் அசையவே இல்லை. ஐந்தாறு மழைக்காலத்துத் துரு அதை ஹப்போடு, அதாவது சக்கரம் பூட்டுகிற குடத்தோடு, ஒட்டவைத்திருந்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்டுவதற்கு முன் உற்றுப் பார்த்தேன்: முகத்தில் இரண்டு சிறிய மரையிட்ட ஓட்டைகள். எதற்கு என்று தெரியாமல் பல வருடம் பார்த்தவை. அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முடுக்கினால், அவை ஹப்பைத் தள்ளி டிஸ்க்கை வெளியே கொண்டுவரும். செய்தவன் கழற்றுகிறவனையும் நினைத்திருக்கிறான். எல்லாக் கார்களிலும் இந்த ஓட்டை இருக்காது. இருந்தால் சுத்தியலுக்கு வேலையில்லை.

கையில் வந்ததும் ஓரத்தைத் தடவினேன். பேட் தொடாத வெளிவிளிம்பு மேடாக நின்றது, தேய்ந்த அம்மியின் விளிம்புபோல். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். பெரும்பாலும் புதியதைவிட 2 மில்லிமீட்டர் குறைவு. மைக்ரோமீட்டரில் என்னுடையது அந்தக் கோட்டைத் தொட்டிருந்தது. இந்த எல்லை எதற்கு? இரும்பு முறிந்துவிடும் என்பதைவிட, சூட்டைக் கொட்டிவைக்க இடம் போதாது என்பதே பெரிய காரணம். மெல்லிய தோசைக்கல் சீக்கிரம் காய்ந்து சீக்கிரம் கருக்குவதைப் போல, மெலிந்த டிஸ்க் ஒரே மிதிக்கு அதிகமாகச் சூடேறும். லேத்தில் கொடுத்துக் கட்டிங் போட்டால் நடுக்கம் போய்விடும் என்பார்கள், போகும். தடிமனும் போகும். எல்லைக்கு மேல் தாராளமாக இருந்தால் மட்டுமே அது சரி.

இப்போது அந்தக் கோணல் விவகாரம். வெயிலில் வைத்த பலகைபோல் டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஓட்டி உணர்கிற நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் வளைவு அல்ல. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போவது. ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு வித்தியாசம் இருந்தாலே கால் கண்டுபிடித்துவிடும். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பாகம்கூட இல்லை அது. மனிதனின் பாதம் இவ்வளவு நுட்பமான அளவுகோல் என்று யாருக்குத் தெரியும்!

அந்த வித்தியாசம் இரண்டு வழிகளில் வரும். முதல் வழி தோசைக்கல்லுக்கும் தெரிந்தது. நல்ல வேகத்தில் வந்து பலமாக மிதித்து நிறுத்தி, டிஸ்க் காய்ந்திருக்கும்போது ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ மிதியை அழுத்தியபடியே நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். ஒருமுறை தோசை ஒட்டிய இடத்தில் அடுத்த தோசையும் ஒட்டும். அப்பிய இடம் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் உரசும், அதிகம் காயும், ஒரு கட்டத்தில் அங்கே இரும்பின் கட்டமைப்பே மாறிக் கெட்டியாகிவிடும். கெட்டியானது தேயாது, சுற்றியுள்ளது தேயும், மேடு வளரும்.

இரண்டாவது வழிதான் என் வண்டியின் கதை. ஹப் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் துரு பொருக்காகக் கட்டியிருந்தது. முன்பு ஒருமுறை எங்கோ டிஸ்க் மாற்றியவர் அதைச் சுரண்டாமல் அப்படியே மேலே பூட்டியிருக்கிறார். 130 மில்லிமீட்டர் அகல ஹப்பில் ஓர் ஓரத்தில் மட்டும் 0.05 மில்லிமீட்டர் துரு நின்றால், 250 மில்லிமீட்டர் அகல டிஸ்க்கின் விளிம்பு கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தள்ளாடும். மிதிக்கும்போது இதனால் ஒன்றும் ஆகாது, காலிப்பர் கூடவே நகர்ந்துகொடுக்கும். மிதிக்காமல் சும்மா ஓடும்போதுதான் கெடுதல். தள்ளாடுகிற டிஸ்க்கின் ஒரு புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிவிட்டுப் போகும். சின்னக் கார்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் முறை சுற்றுகிறது. எட்டாயிரம் கிலோமீட்டரில் நாற்பது லட்சத்துக்கு மேல். எறும்பு ஊரக் கல் தேய்கிற கணக்கு. அந்தப் புள்ளி மெலிந்து, ஒரு நாள் ஸ்டீயரிங் துடிக்கும். பூட்டிய கை மறந்துபோயிருக்கும். பழி டிஸ்க்கின் மேல் விழும்.

ஆகவே இந்த வேலையில் மிக முக்கியமான அரைமணி நேரம், யாரும் புகைப்படம் எடுக்காத அரைமணி நேரம்: கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்து ஹப் முகத்தை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்ப்பது. நட்டு போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். அம்மா வந்து பார்த்துவிட்டு, “காருக்கு ஈயம் பூசுறியாடா?” என்றார்.

புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்புவார்கள். துடைக்காமல் பூட்டினால் அந்த எண்ணெய் பேடில் ஊறிப் பேடே வீணாகும். புதுத் தோசைக்கல்லை அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போடுவது நினைவுக்கு வந்தது. இங்கே அதற்குப் பதில் பிரேக் கிளீனர். புதுப் பேடு தடிமனானது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளத் தள்ள மேலே டப்பாவில் ஆயில் ஏறும். கவனிக்காவிட்டால் வழிந்து பெயின்ட்டைத் தின்னும். பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வண்டிகளில் பிஸ்டனைத் தள்ளக்கூடாது, திருகித்தான் இறக்க வேண்டும் என்ற வகைகளும் உண்டு. மின்சார ஹேண்ட்பிரேக் வண்டிகளில் வீட்டு வேலையே வேண்டாம் என்பேன்.

இந்த பிஸ்டனில் ஒரு அழகு. காலை எடுத்ததும் அதைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம். மிதிக்கும்போது வளையம் லேசாகச் சாய்ந்து கொடுக்கும். விட்டதும் தன் பழைய வடிவத்துக்கு நிமிரும். நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு முடியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஆயில் கசியாமல் காப்பதும், பேடை விடுவிப்பதும், பேட் தேயத் தேய பிஸ்டனைத் தானாக முன்னே நகரவிடுவதும் ஒரே வளையத்தின் வேலை. பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்தால் எஞ்சினுக்கு முன்னால் இதைத்தான் காட்டுவேன்.

பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும், வரிசையாக அல்ல. சின்னக் கார்களுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஓரடி நீள ஸ்பேனரின் முனையில் 33 கிலோ எடை தொங்குகிற அளவு. ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பது நம் ஊர் வழக்கம். அந்தக் கூடுதல் முடுக்கு டிஸ்க்கையும் கோணச் செய்யும், வழியில் பஞ்சர் ஆனால் நட்டைக் கழற்றவும் விடாது. எல்லாம் முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்துப் பார்க்க வேண்டும். முதல் மிதி அடிவரை போகும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் திரும்ப வந்து பேடைத் தொடும்வரை வண்டிக்கு பிரேக்கே இல்லை. இதை மறந்து வாசல் கேட்டில் மோதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன், ஆனால் அது வேறு வண்டி, பழைய கதை.

கடைசி வேலை சாலையில். புதுத் தோசைக்கல்லை வாங்கியவுடன் யாரும் தோசை வார்ப்பதில்லை. எண்ணெய் தடவி, காயவைத்து, ஆறவைத்து, மறுபடி தடவிப் பழக்குகிறோம். அந்த எண்ணெய் இரும்பின் மேல் மெல்லிய படலமாக இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு தோசை தொடுவது இரும்பை அல்ல, படலத்தை. டிஸ்க்கும் அப்படியே. பேடின் பொருள் மெல்லிய, சீரான படலமாக டிஸ்க்கில் ஏற வேண்டும். பிறகு நடக்கிற உராய்வில் கணிசமான பங்கு பேடுக்கும் அந்தப் படலத்துக்கும் நடுவே.

விடிவதற்கு முன் வடலூர் சாலைக்கு வண்டியை எடுத்தேன். முதலில் சில கிலோமீட்டர் மென்மையாக. பிறகு அறுபதிலிருந்து இருபது வரை, அழுத்தமாக, ஆனால் முழுக்க நிறுத்தாமல், நடுவே சற்று ஓடவிட்டு, எட்டுப் பத்து முறை. பிசின் சூடாகிற வாசனை எழுந்தது. முந்திரித் தோடு எரிகிற வாசனையைத் தெரிந்த மூக்குக்கு அதில் ஏதோ பழக்கமானது இருந்ததாகத் தோன்றியது, என் கற்பனையாகவும் இருக்கலாம். பின்னர் எங்கும் நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஆறவிட்டு ஓட்டினேன். நின்றிருந்தால், பழக்கிய கல்லில் முதல் தோசையே ஒட்டிய மாதிரி ஆகியிருக்கும். திரும்பி வந்து பார்த்தபோது வளையம் முழுக்க ஒரே சீராக நீலம் கலந்த சாம்பல் பூத்திருந்தது. தொண்ணூறில் மிதித்தும் ஸ்டீயரிங் அசையவில்லை.

பழைய டிஸ்க் இரண்டையும் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனேன். தராசில் வைத்தவர், “புது டிஸ்க் ஒண்ணு எவ்வளவுண்ணே இருக்கும்?” என்று கேட்டார். சொன்னேன். “ரெண்டுலயும் சேர்ந்து ஒரு கிலோ கிட்ட கொறயுதே” என்றார். வீட்டில் போட்ட கணக்கும் அதைத்தான் சொல்லியிருந்தது. 250 மில்லிமீட்டர் டிஸ்க்கில் பேட் உரசுகிற வளையத்தில் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஒவ்வொன்றிலும் 450 கிராம் இரும்பு போயிருக்கும். அறுபதாயிரம் கிலோமீட்டரில் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 15 மில்லிகிராம். பெரும்பகுதி தரையில் படியும், நுண்ணிய பகுதி காற்றில் மிதக்கும். ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள், புகைக்குழாயோடு நிற்காமல், பிரேக்கிலிருந்து கிளம்பும் இந்த நுண்தூசிக்கும் முதன்முறையாக, பெட்ரோல் டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

“அந்த ஒரு கிலோ எங்கண்ணே போச்சு?” என்றார் கடைக்காரர், காசை எண்ணியபடி.

விருத்தாசலம் சாலையைக் கை காட்டினேன். கரும்பு டிராக்டர் ஒன்று, பின்விளக்கில்லாமல், திரும்பிக்கொண்டிருந்தது.